‘தலையிலியாக்கு!’ – எஸ்பெராந்தோ ஆலிஸ்: வாசகர் கேள்வி பதில்

ஆலிஸின் அற்புத உலகக் கதை எஸ்பெராந்தோ மொழியிலும் இருக்கிறது என்று சென்ற இதழில் இரண்டே வரி எழுதியிருந்தோம். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. அவற்றிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதில். எஸ்பெராந்தோச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். படிக்கும்போது கடைசிக்கு முந்தைய அசையை அழுத்திச் சொல்லுங்கள். அந்த மொழியில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

கே: ஆலிஸ் கதையை எஸ்பெராந்தோவில் யார் பெயர்த்தது? புதிதாகப் படிப்பவர் எதை எடுக்கலாம்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

ப: லூயிஸ் கேரல் என்ற புனைபெயரில் ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர் சார்ல்ஸ் டாட்ஜ்சன் எழுதிய மூலம் 1865-இல் வந்தது. மறுவருடமே அவர் தம் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். இதைப் பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ பெயர்க்க முடியாது என்று நண்பர்கள் நினைக்கிறார்கள், சிலேடையும் பாட்டும்தான் பெரிய முட்டுக்கட்டையாம் என்று அதில் சொல்லியிருந்தார். 1869-இல் இரண்டு மொழிகளிலும் வந்துவிட்டது.

எஸ்பெராந்தோ, கண் மருத்துவர் ஸாமென்ஹோஃப் தாமே உருவாக்கி 1887-இல் வார்சாவில் வெளியிட்ட மொழி. அதற்கு 23 வயது ஆனபோது, 1910-இல், இ. எல். கியர்னியின் மொழிபெயர்ப்பு லண்டனில் வெளியானது. தலைப்பு ‘லா அவெந்தூரோய் தே அலித்ஸீயோ என் மிர்லாந்தோ’. பிற்காலத்தில் டொனால்ட் பிராட்ரிப் புதிதாக ஒரு மொழிபெயர்ப்பு செய்தார். கண்ணாடிக்குள் ஆலிஸ் போகும் இரண்டாம் புத்தகத்தையும் அவர் பெயர்த்திருப்பதால், இரண்டையும் ஒரே நடையில் படிக்க நினைப்பவர்களுக்கு அவர் வசதி. கியர்னியுடையது காப்புரிமை முடிந்த பழைய நூல். குட்டன்பெர்க் மின்னூலகத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

12 அத்தியாயங்களையும் வரிசையாகப் படித்தாக வேண்டும் என்பதில்லை. 1, 4 இரண்டிலும் சொல்விளையாட்டு குறைவு, நடக்கும் செயல் அதிகம், அங்கே தொடங்குங்கள். போலி ஆமை பேசும் 9-ஆம் அத்தியாயத்தைக் கடைசிக்கு வையுங்கள். ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அதைப் படித்தால், மொழிபெயர்ப்பாளர் எங்கே தப்பித்தார், எங்கே மாட்டிக்கொண்டார் என்பது தெரியாமலே போய்விடும்.

கே: ஒரு புத்தகத்தில் ‘அலித்ஸீயோ’, இன்னொன்றில் ‘அலீத்ஸோ’. ஒரே பெண்தானா? பெண் பெயர் ஏன் ‘ஓ’வில் முடிகிறது?
– ஒரு வாசகி, காரைக்குடி

ப: ஒரே பெண்தான். கியர்னிக்கு அலித்ஸீயோ, பிராட்ரிப்புக்கு அலீத்ஸோ. எஸ்பெராந்தோவில் பெயர்ச்சொல் என்றால் ‘ஓ’வில் முடியும். பூனை காத்தோ, மேசை தாப்லோ, அரசி ரெஜீனோ. இந்த ‘ஓ’வுக்கும் ஆண்பாலுக்கும் சம்பந்தமில்லை. அரசியில் பெண்பாலைக் காட்டுவது நடுவில் உள்ள ‘இன்’. பெண் பெயர்களுக்கு ‘ஆ’ முடிவை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் ‘ஓ’ இருந்தால் பன்மை விகுதி, வேற்றுமை விகுதி எல்லாம் தடையில்லாமல் வந்து ஒட்டும். ‘மிர்லாந்தோ’ இன்னும் எளிது. மிர் என்றால் வியப்பு, லாந்தோ என்றால் நாடு. ‘வியப்புநாடு’ என்று தமிழில் சொன்னால் எப்படியோ அப்படி.

கே: 16 விதிகளே உள்ள எளிய மொழி என்கிறீர்கள். அப்படியானால் மொழிபெயர்ப்பும் எளிதாகத்தானே இருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

ப: கட்டுரையோ துப்பறியும் கதையோ என்றால் எளிது. ஆலிஸுக்கு அது தலைகீழ். எஸ்பெராந்தோவில் எந்தச் சொல்லை உடைத்தாலும் உள்ளே பொருள் இருக்கும். அபத்தத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

போலி ஆமை தான் பள்ளியில் படித்த கணக்குப் பாடங்களை அடுக்குகிறது. பெருக்கல் என்ற சொல்லைத் திரித்து, ‘அசிங்கப்படுத்தல்’ என்று பொருள்படும் ஒரு சொல்லை ஆங்கிலத்தில் கேரல் கட்டியிருப்பார். அப்படி ஒரு சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை என்று ஆலிஸ் விழிக்க, பக்கத்தில் நிற்கும் கிரிஃபன் என்ற கற்பனை விலங்கு, ‘இதுகூடத் தெரியாதா?’ என்று முன்கால்கள் இரண்டையும் தூக்கி வியக்கிறது. இதை எஸ்பெராந்தோவில் நேரடியாகப் போட்டால் ‘மால்பெலீகோ’ என்று வரும். மால் என்றால் எதிர், பெல் என்றால் அழகு, இக் என்றால் ஆக்குதல், ஓ பெயர்ச்சொல் விகுதி. குறையே சொல்ல முடியாத, யாரும் அன்றாடம் சொல்லக்கூடிய சொல். மொழி படிக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆனவருக்கும் புரியும். ஆலிஸ் எதற்கு விழிக்க வேண்டும்? சொல் அளவுக்கு மீறித் தெளிவாக இருப்பதாலேயே நகைச்சுவை செத்துப்போகிறது.

பொருளை விட்டுவிட்டு ஓசையைப் பிடிப்பதுதான் வழி. கூட்டல் எஸ்பெராந்தோவில் ‘அதித்ஸீயோ’. ‘அம்பித்ஸீயோ’ என்றால் பேராசை. இந்த இணை மூலத்தில் இருப்பதற்கு நேராகவே அமைந்துவிடுகிறது. கழித்தல் ‘சுப்த்ராஹோ’, அதைச் ‘சுப்த்ராய்னோ’ என்று திருப்பினால் ‘ரயிலுக்கு அடியில்’ என்ற விசித்திரம் கிடைக்கும். வகுத்தல் ‘திவீதோ’, இரண்டு எழுத்தை மாற்றி ‘திவேனோ’ என்றால் குருட்டாம்போக்கில் ஊகித்தல். கணக்குப் பரீட்சை எழுதிய எவருக்கும் இது பிடிபடும். எழுத்தும் படிப்பும் இதே கதைதான். ‘லெகாதோ’ படித்தல், ‘லெக்காதோ’ நக்குதல். ‘ஸ்க்ரிபாதோ’ எழுதுதல், ‘ஸ்க்ரப்பாதோ’ சுரண்டுதல். கடலடிப் பள்ளிக்கூடத்தில் வேறென்ன சொல்லிக்கொடுப்பார்கள்?

இரண்டாம் அத்தியாயம் தொடங்கும் இடமும் சிக்கல்தான். ஆலிஸ் வியப்பில் இலக்கணம் மறந்து ‘மேலும் விநோதம்’ என்பதைத் தப்பும் தவறுமாகச் சொல்கிறாள். எஸ்பெராந்தோவில் ‘ப்ளி’ என்ற ஒரே சொல்லை முன்னால் வைத்தால் ஒப்புமை முடிந்துவிடுகிறது: ‘ப்ளி காய் ப்ளி குரியோஸா’. இதில் குழந்தை தப்பு செய்யவே இடமில்லை. செயப்படுபொருள் விகுதியை விட்டுவிட்டுத் தப்பாக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். பெரியவர்களே தினமும் செய்யும் பிழை அது. வாசகர் அச்சுப்பிழை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார். ‘ப்ளி’யைக் கொண்டுபோய் வால் மாதிரி ஒட்டி ‘குரியோஸ்ப்ளி’ என்று சொல்லவைத்தால், தப்பு என்பதும் தெரியும், தப்பு செய்தவள் ஒரு குழந்தை என்பதும் தெரியும்.

ஆனால் மூலத்தைவிட எஸ்பெராந்தோ கூர்மையாக இருக்கும் இடமும் உண்டு. ‘வெட்டு அவள் தலையை!’ என்று மூச்சுக்கு மூச்சு கத்துகிறாளே சீட்டுக்கட்டின் ‘ஹார்ட்ஸ்’ ராணி, அது ‘சென்காப்பீகு ஷின்!’ என்று வரும். சென் என்றால் இல்லாமல், காப் என்றால் தலை, இக் என்றால் ஆக்கு, கடைசி ‘உ’ ஏவல். ‘அவளைத் தலையிலியாக்கு’ என்பது நேர்ப்பொருள். இப்போது 8-ஆம் அத்தியாயத்தின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செஷயர் பூனையின் தலை மட்டும் வானத்தில் மிதக்கிறது, உடலைக் காணோம். உடல் இல்லாமல் தலையை எதிலிருந்து வெட்டுவது என்கிறான் கொலையாளி (மரண தண்டனையை நிறைவேற்றுபவன்). தலை என்று ஒன்று இருந்தால் வெட்டலாம் என்கிறார் ராஜா. எஸ்பெராந்தோவில் அந்த வழக்கு வினைச்சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தலையில்லாததாக ஆக்க வேண்டுமானால், தலை போன பிறகு எஞ்சி நிற்க ஏதாவது வேண்டுமே! இங்கே எஞ்சுவது என்ன? மூலத்தில் கொலையாளியின் வாதம் அடம்பிடிப்பு போலக் கேட்கும். இங்கே அவன் பக்கம் இலக்கணமே சாட்சி சொல்கிறது.

கே: சொற்களை வேரும் விகுதியுமாகக் கட்டிய மொழியில் சிலேடை எப்படி வரும்?
– ஒரு தமிழாசிரியர், தஞ்சாவூர்

ப: உங்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். செம்மொழிச் சிலேடை அரிது, பிரிமொழிச் சிலேடை ஏராளம். ஒரு வேருக்கு ஒரு பொருள் என்பதே அடிப்படை விருப்பம் என்பதால், பிரிக்காமல் இரு பொருள் தரும் சொல் குறைவு. ஆனால் வேர்கள் ஒட்டும்போது, நம் ‘பலகை’ ‘பல கை’ ஆவது போல, எதிர்பாராத இடத்தில் பிளவு விழும். 1920-களில் பாரிஸில் ‘பச்சைப் பூனை’ என்ற எஸ்பெராந்தோ நகைச்சுவை அரங்கை நடத்தியவர் ரேமோன் ஷ்வார்ட்ஸ். இந்த வித்தையில் கைதேர்ந்த பெயர் அவருடையது. 1926-இல் அதே பூனையின் பெயரில் கவிதைத் தொகுப்பும் போட்டார்.

ஆலிஸுக்குப் பொருந்தும் பிளவுகள் சில உண்டு. ‘கத்தாரோ’ என்றால் சளி, மூக்கடைப்பு. ‘காத்+ஆர்+ஓ’ என்று பிரித்தால் பூனைக் கூட்டம். 6-ஆம் அத்தியாயத்துச் சமையலறையில் மிளகுப் பொடி பறக்க எல்லாரும் தும்முகிறார்கள். தும்மாதவர்கள் சமையல்காரியும் பூனையும் மட்டுமே. அங்கே போடுவதற்கென்றே செய்து வைத்த சொல் போல இருக்கிறது. ‘கொலேகோ’ என்றால் சக ஊழியர், ‘கொல்+எக்+ஓ’ என்றால் பெருங்கழுத்து. ஆலிஸின் கழுத்து மரத்துக்கு மேலே நீண்டு, புறா அவளைப் பாம்பு என்று ஏசும் இடம் அதற்கு. எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது ‘தெஸ்தூதோ’. ஆமை என்று பொருள். பிரித்தால் ‘தே+ஸ்தூதோ’, தேநீர்ப் படிப்பு! கடலாமையாக இருந்த ஆசிரியரை நிலத்தாமை என்று ஏன் கூப்பிட்டீர்கள் என்று ஆலிஸ் கேட்கிறாள். மூலத்தில் அதற்குக் கிடைக்கும் பதில், ஆமை என்ற சொல்லும் ‘எங்களுக்குக் கற்பித்தார்’ என்ற தொடரும் ஒரே மாதிரி ஒலிக்கும் சிலேடை. எஸ்பெராந்தோவில் வேறு சிலேடை, அதே கேள்வி, அதே அளவு முட்டாள்தனம்.

எலியின் வாலும் கதையும் கலங்கும் சிலேடைக்கு இப்படிப் பிளவு கிடைக்காது. வால் ‘வோஸ்தோ’, கதை ‘ரகோந்தோ’. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தன் கதை ‘வாஸ்தா’, அதாவது பரந்து விரிந்தது, என்று எலி சொல்ல, ஆலிஸ் காதில் அது ‘வோஸ்தா’, அதாவது வால் போன்றது, என்று விழுவதாக மாற்றலாம். வால் வடிவில் வளைந்து இறங்கும் பாட்டை அச்சில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அடுத்து ‘முடிச்சு’ சிலேடை. எலி அலுத்துப்போய் ‘நூ, தோ…’ (சரி, அப்புறம்) என்று இழுக்க, ‘நோதோ’ (முடிச்சு) என்று கேட்ட ஆலிஸ் அவிழ்த்துவிட வரலாம்.

செய்யக்கூடாத ஒன்று அடிக்குறிப்பு. ‘ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களும் ஒரே மாதிரி ஒலிக்கும்’ என்று பக்கத்தடியில் விளக்குகிறவர் சிலேடையை மொழிபெயர்க்கவில்லை, அதற்கு இரங்கல் செய்தி எழுதுகிறார்.

கே: ‘ன்’ விகுதி எங்கே போட வேண்டும், எங்கே கூடாது? அந்த ஒன்றில்தான் எப்போதும் தடுமாறுகிறேன்.
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

ப: ‘ன்’ நம் ஐ வேற்றுமையின் வேலையைச் செய்கிறது, கூடவே ‘உள்ளே நோக்கி’ என்ற வேலையையும் செய்கிறது. முதல் வேலை உங்களுக்குத் தடுமாறவே கூடாது. ஆலிஸ் தூக்கக் கலக்கத்தில் ‘பூனை வௌவாலைத் தின்னுமா, வௌவால் பூனையைத் தின்னுமா’ என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்கிறாள். ஆங்கிலத்தில் சொற்களை இடம் மாற்றினால் போதும், பொருள் மாறிவிடும். எஸ்பெராந்தோவில் ‘காத்தோய் மாஞ்ஜஸ் வெஸ்பேர்த்தோய்ன்’ என்பதை எப்படிப் புரட்டிப் போட்டாலும் தின்பது பூனைதான். ‘வௌவாலைப் பூனை தின்னும்’ என்று தமிழில் புரட்டினாலும் அப்படியே. இடத்தை மாற்றாதீர்கள், ‘ன்’னைத் தூக்கி மற்றதன் வாலில் போடுங்கள். குடுவையின் சீட்டில் ‘த்ரீங்கு மின்’ என்று இருப்பதிலும் ‘மின்’னில் உள்ள ‘ன்’ இதுதான்: ‘என்னைக் குடி’.

இரண்டாவது வேலைக்கு முதல் அத்தியாயத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. ‘ஃபாலிஸ் என் லா த்ரூவோன்’ என்றால் வெளியே இருந்தவள் வளைக்குள் விழுந்தாள். ‘ஃபாலிஸ் என் லா த்ரூவோ’ என்றால் ஏற்கெனவே வளைக்குள் இருந்தபடி விழுந்துகொண்டிருந்தாள். ஆலிஸ் இரண்டையும் செய்கிறாள். வாயிலில் சறுக்கும்போது ‘ன்’ வேண்டும். அலமாரிகளைப் பார்த்தபடி, காலி ஆரஞ்சு மர்மலேட் ஜாடியைக் கையில் எடுத்தபடி மெதுவாக இறங்கும் அந்த நெடும் விழுகைக்கு ‘ன்’ கூடாது. ‘த்ரா’ (ஊடாக), ‘அல்’ (இடம் நோக்கி) போன்ற முன்னிடைச் சொற்களிலேயே நகர்வு இருப்பதால் அவற்றுக்குப் பின்னால் ‘ன்’ வராது. கணினியின் பிழைதிருத்தி இதில் உதவாது, இரண்டு வடிவமும் சரியான சொற்களே என்பதால்.

கே: பாட்டுகளை என்ன செய்வது? ஆங்கிலக் குழந்தைப் பாட்டின் கேலி, அந்தப் பாட்டே தெரியாதவருக்கு எப்படிச் சிரிப்பு மூட்டும்?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

ப: மூட்டாது. சின்ன முதலைப் பாட்டு, ஐசக் வாட்ஸ் 1715-இல் எழுதிய உழைக்கும் தேனீப் பாட்டின் கேலி. கிழவர் வில்லியம் பாட்டு, ராபர்ட் சதே 1799-இல் எழுதிய நீதிப்பாட்டின் கேலி. வாட்ஸின் தேனீயை அன்றைய பிள்ளைகள் பள்ளியில் உருப்போட்டார்கள். முதலைப் பாட்டை வரிக்கு வரி பெயர்த்தால் அது முதலையைப் பற்றிய பாட்டு, அவ்வளவே.

எஸ்பெராந்தோக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டு எது? அவர்கள் கீதமாகப் பாடும் ஸாமென்ஹோஃபின் ‘லா எஸ்பேரோ’. அதன் முதல் வரி ‘என் லா மோந்தோன் வேனிஸ் நோவா சேன்த்தோ’: உலகுக்குள் புதியதோர் உணர்வு வந்தது. இரண்டே சொல்லை மாற்றுங்கள்: ‘என் லா நீலோன் வேனிஸ் நோவா தேன்த்தோ’. நைல் நதிக்குள் புதியதோர் பல் வந்தது! அசை குறையவில்லை, அழுத்தம் பிசகவில்லை, முதலையும் வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டது. (‘நீலோ’ அல்ல, ‘நீலோன்’ என்பதைக் கோயம்புத்தூர் மாணவி கவனிக்க.) கீதத்தைக் கேலி செய்யலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். தேனீப் பாட்டில் கேரல் கைவைத்ததும் அந்த மாதிரி வேலைதான்.

யாப்பில் இன்னொரு சிக்கல். எல்லாச் சொல்லிலும் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழுவதால் வரிகள் எல்லாம் தளர்ந்த அசையில் முடியும். கிழவர் வில்லியம் பாட்டோ பெரும்பாலான எதுகை வரிகள் ‘டக்’கென்று அழுத்தத்தில் முடியும் பாட்டு. இதற்கு 16-ஆம் விதி கைகொடுக்கிறது. பெயர்ச்சொல்லின் கடைசி ‘ஓ’வை வெட்டி அபாஸ்ட்ரஃபி குறி வைக்கலாம்; காத்தோ ‘காத்’ ஆகும், அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ‘ன்’ ஒட்டியிருந்தாலோ பன்மை ‘ய்’ இருந்தாலோ வெட்ட முடியாது. புதியவர்கள் வழுக்கும் இடம் இது.

விகுதியை வைத்து மட்டும் எதுகை போடாதீர்கள். ‘-ஆதஸ்’, ‘-ஆதஸ்’ என்று வினைமுற்றுகளை அடுக்கினால் வரி முழுக்க இயைபு கொட்டும். எஸ்பெராந்தோக் கவிஞர்கள் அதை மட்டமாகக் கருதுகிறார்கள். அந்தக் குறைக்கு ‘அதசீஸ்மோ’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

கே: உலர்ந்த வரலாறு சொல்லும் எலியை வாத்து மடக்கும் இடம் புரியவில்லை. ‘அதை’ என்றால் தவளையா புழுவா என்று ஏன் கேட்கிறது?
– ஒரு வாசகர், சேலம்

ப: பேராயர் ஸ்டிகாண்ட் இன்னது செய்வதே நல்லது எனக் ‘கண்டார்’ என்று எலி சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்கு இலக்கண நிரப்பியாக ஒரு வெற்று ‘அது’ தேவை. தான் எதையாவது கண்டால் அது பெரும்பாலும் தவளையோ புழுவோதான், பேராயர் கண்டது எதை என்கிறது வாத்து.

எஸ்பெராந்தோவில் வெற்று ‘அது’ கிடையாது. ‘த்ரோவிஸ் கொன்சிலீந்தே’ என்று வினையடையை வைத்தால் வாக்கியம் நிறைந்துவிடும். வாத்துக்குக் கொத்த ஒன்றும் இருக்காது. ஆங்கிலப் பழக்கத்தில் ‘ஜின்’ (அதை) என்பதைத் திணித்தால் கேள்வி பிழைக்கும், இலக்கணம் சாகும். ‘தீயோன்’ (இன்னதை) போட்டு, ‘த்ரோவிஸ் தீயோன் கொன்சிலீந்தா’ என்று எழுதுங்கள். இலக்கணமும் சரி, ‘த்ரோவிஸ் கீயோன்?’ (எதைக் கண்டார்?) என்று வாத்து கேட்கவும் வாய்ப்பு.

கே: இரண்டாம் புத்தகத்தில் வரும் ‘பிறந்தநாள் அல்லாத நாள்’ பரிசுக்கு ‘மால்’ முன்னொட்டு சரிவருமா?
– ஒரு வாசகி, பெங்களூரு

ப: வராது, விபரீதமாகிவிடும். ‘மால்’ வெறும் மறுப்பு அல்ல, நேர் எதிர். ‘க்ராந்தா’ பெரிய, ‘மால்க்ராந்தா’ சிறிய. பிறந்தநாளான ‘நாஸ்கிஜ்தாகோ’வுக்கு முன்னால் அதை ஒட்டினால், பிறப்புக்கு எதிரான நாள், அதாவது திதி என்று காதில் விழும். முட்டை வடிவ ஹம்ப்டி டம்ப்டி அணிந்திருக்கும் கழுத்துப்பட்டை வெள்ளை ராஜாவும் ராணியும் திதிக்குக் கொடுத்த பரிசாகிவிடும். ‘நே’ போடுங்கள்: ‘நேநாஸ்கிஜ்தாகா தொனாத்ஸோ’. வருடத்தில் 364 நாள் பரிசு வாங்கலாம் என்ற கணக்கும் அப்போதுதான் நிற்கும். ‘மால்’ எதிர், ‘நே’ அல்ல, ‘சென்’ இல்லாமல். மூன்றையும் குழப்பாமல் வைத்துக்கொண்டால் கண்ணாடி உலகில் பாதி வழி தாண்டியாயிற்று.

கே: ஜாபர்வாக்கி போன்ற அர்த்தமற்ற கவிதையை எஸ்பெராந்தோவில் எழுத முடியுமா?
– ஒரு வாசகர், மதுரை

ப: முடியும், முயன்றவர்களும் உண்டு. எலும்புக்கூடு வலுவாக இருப்பது சாதகம். வேர் எவ்வளவு பொய்யானாலும் ‘ஓய்’ பன்மைப் பெயர், ‘ஆய்’ அதன் அடை, ‘இஸ்’ இறந்தகால வினை என்று வரி தானே நிமிர்ந்து நிற்கும். தசை வைப்பதில்தான் பாடு. வாசகர் எந்தப் புதுச்சொல்லையும் வேராகவும் ஒட்டாகவும் பிரிக்கப் பழகியவர். ‘எக்’, ‘எத்’, ‘இன்’, ‘உல்’ என ஏதாவது தற்செயலாக உள்ளே விழுந்தால் ‘பெரிய’, ‘சிறிய’, ‘பெண்’, ‘ஆள்’ என்று பொருள் கண்டுபிடித்துவிடுவார். எழுதிய ஒவ்வொரு பொய்ச்சொல்லையும் எல்லா இடத்திலும் உடைத்துப் பார்த்து, ஒட்டு எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். பெட்டிச் சொற்களில், அதாவது இரண்டு சொல்லை ஒரே பெட்டியில் திணிப்பவற்றில், ஒட்டுவதற்குப் பதிலாக உருக்க வேண்டும். வழவழப்புக்கு ‘ஷ்லீமா’, வளைவுக்கு ‘ஃப்லேக்ஸா’. ஒட்டினால் ‘ஷ்லிம்ஃப்லேக்ஸா’, கண்ணியமான தொகைச்சொல். உருக்கினால் ‘ஷ்லேக்ஸா’. அகராதியில் இல்லை, ஆனால் வழுக்குகிறது.

கே: நாங்கள் நாலு பேர் வாய்விட்டுப் படிக்கிறோம். ஒருவர் படிப்பது மற்றவருக்குப் புரிவதில்லை.
– ஒரு வாசகர் வட்டம், புதுச்சேரி

ப: தமிழ் நாக்குக்கு வரும் வழக்கமான சங்கடம். உயிர்களுக்கு நடுவே நாம் வல்லினத்தைத் தானாக மென்மையாக்கிவிடுகிறோம்; எஸ்பெராந்தோ அதை மன்னிக்காது. ஒலிப்பில்லாத ‘ப’வில் தொடங்கும் ‘பாத்தோ’ வாணலி. ஒலிப்புள்ள ‘ப’வில், ‘பாட்டில்’ என்ற சொல்லில் வருவதைப் போல, தொடங்கினால் அடி, குத்து. முதல் ‘ப’வே இருந்து நடுவில் ‘த’ தளர்ந்தால் ‘பாதோ’, ஒற்றையடிப் பாதை. தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு படித்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். சமையல்காரி பாத்திரங்களை வீசும் இடத்தில் அவள் எறிந்தது வாணலியா பாதையா என்பது தெரிய வேண்டாமா? குறிப்பெழுதும்போது ஒலிப்புள்ள எழுத்தின் கீழே ஒரு கோடு போடுங்கள். பத்து நாள் போட்டால் பிறகு தேவைப்படாது.

கே: தொப்பி வைத்த எழுத்துகளை எப்படித் தட்டச்சு செய்வது?
– ஒரு வாசகர், சென்னை

ப: அப்படி ஐந்து, பிறைக்குறி வைத்த ‘யூ’ ஒன்று, ஆக ஆறு. யூனிகோடில் ஆறும் உண்டு; கைப்பேசி விசைப்பலகையில் எஸ்பெராந்தோவைச் சேர்த்தால் போதும். அது இல்லாத இடத்தில் எழுத்துக்குப் பின்னால் எக்ஸ் போடுவது வழக்கம். எஸ்பெராந்தோ நெடுங்கணக்கில் எக்ஸ் இல்லாததால் குழப்பம் வராது, பிறகு ஒரே தட்டில் மாற்றிக்கொள்ளலாம். எக்ஸுக்குப் பதில் ஹெச் போடும் பழைய முறையில், விமான நிலையத்தைக் குறிக்கும் ‘ஃப்லூக்+ஹவேனோ’ நடுவில் தொப்பி முளைத்துத் தொலைந்துபோகும்.

கே: அங்குலம், அடி எல்லாவற்றையும் சென்டிமீட்டராக்கிவிடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

ப: வேண்டாம். சரியாக 3 அங்குலம் என்பது இழிவான உயரம் என்று ஆலிஸ் சொல்ல, அதே 3 அங்குலமான கம்பளிப்புழு கோபத்தில் நிமிர்ந்து நிற்கிறது. 7.6 சென்டிமீட்டருக்காக எந்தப் புழுவும் ரோஷப்படாது. அங்குலத்துக்கு ‘த்ஸோலோ’, அடிக்கு ‘ஃபூத்தோ’ என்று எஸ்பெராந்தோவிலேயே சொற்கள் இருக்கின்றன.

கே: அண்டங்காக்கைக்கும் எழுதுமேசைக்கும் என்ன ஒற்றுமை?
– ஒரு மாணவன், நாகர்கோவில்

ப: தொப்பிக்காரனுக்கே தெரியாது, கேள்வி கேட்டதோடு சரி. வாசகர்கள் விடாமல் கேட்டதால் 1896 பதிப்பின் முன்னுரையில் கேரல் ஒரு விடை ஒட்டினார். இரண்டுமே ‘குறிப்பு’ தரும், அதுவும் தட்டையாக, என்பது அதில் ஒரு பாதி. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இசைச்சுரம் என்றும் எழுதிவைக்கும் குறிப்பு என்றும் இரு பொருள். எஸ்பெராந்தோவின் ‘நோத்தோ’வுக்கும் அதே இரு பொருள் உண்டு. மற்றப் பாதியில் அண்டங்காக்கை என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பி எழுதி ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்குக் கிட்ட கொண்டுவந்திருந்தார்; எழுத்துப்பிழை என்று நினைத்து அச்சுத் திருத்துபவர் அதைத் திருத்திவிட்டார். எஸ்பெராந்தோவில் அண்டங்காக்கை ‘கோர்வோ’. திருப்பினால் ‘ஓவ்ரோக்’. எங்களால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை, முடிந்தவர்கள் எழுதியனுப்புங்கள்.